பருவகாலப் பாடங்களுக்கு இணைய நூலகங்களை வகுப்பில் எப்படிப் பயன்படுத்தலாம்?

நான்காம், ஐந்தாம் வகுப்புக்குப் பருவகாலம் நடத்த இணையத்தில் எதைத் தேடுவது, தேடி எடுத்ததை வகுப்பில் எப்படிக் கையாள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. எங்கள் மண்ணை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும், உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் 'பருவகாலங்கள்' என்று போட்டுத் தேடுவதை விடுங்கள். அப்படித் தேடினால் நாலு கட்டம் போட்ட அதே படம்தான் வந்து விழும். ஒரு கட்டத்தில் பூ, ஒன்றில் வெயில், ஒன்றில் பழுத்த இலை, கடைசியில் பனிமனிதன். ஆடிக்காற்றில் புழுதி பறக்கிற ஊரில் உட்கார்ந்து பிள்ளைகள் பனிமனிதனுக்கு வண்ணம் தீட்டுவதில் எனக்குச் சம்மதமே இல்லை. இந்த மாதம் உங்கள் ஊரில் என்ன நடக்கிறதோ அதன் பெயரைப் போட்டுத் தேடுங்கள். சாரல், நாற்றங்கால், வாடைக்காற்று, கூழைக்கடா, பதனீர் என்று தேடினால் வேறு ஓர் உலகமே திறக்கும்.

நம் மூன்று பருவப் பாடத்திட்டம் இதற்குத் தோதாகவே இருக்கிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது குற்றாலத்தில் சாரல் விழும். அதே நாளில் எங்கள் ஊரில் சொட்டு மழை இருக்காது, காற்று மட்டும் ஆளைத் தள்ளும். ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் செயற்கைக்கோள் மேகப் படம் இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஸ்மார்ட் போர்டில் போட்டு, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மேகம் குவிந்து நிற்பதைக் காட்டுங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஈரம் தென்காசிக்குச் சாரலாகிறது. மலை மறைக்கிற எங்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வெறும் காற்றுதான் வருகிறது. பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகள் ஏன் வரிசை கட்டி நிற்கின்றன என்பதும் அந்தப் படத்திலேயே விளங்கிவிடும்.

இரண்டாம் பருவத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு என்னிடம் இருக்கிற ஆகச் சிறந்த பாடப்பொருள் முக்கூடற்பள்ளுதான். தாமிரபரணியும் சிற்றாறும் கூடுகிற சீவலப்பேரிப் பக்கத்து நூல் அது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் சிற்றிலக்கியப் பகுதியில் இருக்கிறது. "ஆற்று வெள்ளம் நாளை வரத் தோற்றுதே குறி" என்று தொடங்கும் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். மலையாள மின்னலும் ஈழ மின்னலும் சூழ்ந்து மின்னுகின்றன, கேணித் தவளை கூப்பிடுகிறது, சேற்று நண்டு தன் வளையை அடைக்கிறது, வானம்பாடிகள் மழை தேடி ஆடுகின்றன. வெள்ளம் வரப்போவதற்கு இத்தனை அடையாளங்களை ஒரே பாட்டில் அடுக்கியிருக்கிறார் புலவர்.

இதைச் செய்யுளாக நடத்தி மனப்பாடத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். நான் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி, மலையாளம் எந்தப் பக்கம், ஈழம் எந்தப் பக்கம் என்று கை நீட்டச் சொல்வேன். ஒரு கை மேற்கே மலையைக் காட்டும், இன்னொரு கை கடலைக் காட்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்ற இரண்டையும் அந்த இடத்தில் வைத்தே சொல்லிவிடலாம். இரண்டு மழையும் வாங்குவதால்தான் தாமிரபரணியில் கோடையிலும் தண்ணீர் ஓடுகிறது என்பதைப் பிறகு தனியாக விளக்க வேண்டியிருக்காது.

அப்புறம் அடையாளங்களை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடுவேன். வயல் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு நண்டு, கிணறு இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குத் தவளை. ஒரு பையன் வந்து, "டீச்சர், எங்க வரப்புல நண்டு வளைய மண்ணு வச்சு அடைச்சிருந்துச்சு, ஆனா மழ வரலல்லா" என்றான். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது. எந்த நாளில் என்ன குறி தெரிந்தது, மறுநாள் மழை வந்ததா என்று கரும்பலகையின் ஓரத்தில் ஒரு பட்டியல் போட்டோம். வானிலைத் துறையின் அன்றாட மழை அளவைப் பக்கத்துக் கட்டத்தில் அவர்களே எழுதினார்கள். பாட்டு சொல்வது எப்போதும் சரியாக வருகிறதா, எந்தக் குறியை எவ்வளவு நம்பலாம் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாதாடுவதைக் கேட்க வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தையும் நான் ஒதுக்குவதில்லை. எங்கள் பிள்ளைகள் கண்ணால் பார்த்தது அது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தமிழ்நாட்டுக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற சராசரி மழையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். வகுப்புச் சுவரில் அளவுநாடாவை வைத்து 95-இல் ஒரு கோடு போட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். விழுந்த மழை ஓடாமல் அப்படியே நின்றிருந்தால் நெஞ்சு வரை வந்திருக்கும் என்று புரியும்போது வகுப்பே அமைதியாகிவிடும். வீட்டை இழந்த பிள்ளை யாராவது வகுப்பில் இருந்தால் முன்கூட்டியே தனியாகப் பேசிவிடுங்கள். படங்களையும் காணொளிகளையும் போட வேண்டாம், சுவரில் போட்ட கோடு போதும்.

மூன்றாம் பருவம் பறவைகளுக்கு. எங்களுக்குக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது. பூநாரை, கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, இமயமலையைத் தாண்டி வருகிற பட்டைத்தலை வாத்து எல்லாவற்றையும் பார்க்கலாம். ஊர்க்காரர்கள் வீட்டு மரத்தில் கட்டிய கூட்டைக்கூடக் கலைக்க மாட்டார்கள். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவு செய்கிற இபேர்ட் (eBird) தளத்தில் அந்தக் குளத்தின் பெயரைப் போட்டால் எந்த மாதத்தில் எந்தப் பறவை பதிவாகியிருக்கிறது என்று பட்டைக் கோடுகளாக வரும். அதுவே நல்ல வரைபடப் பாடம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. பிள்ளைகள் வீட்டு மாடியிலிருந்து எண்ணிய காகமும் மைனாவும்கூட அதில் சேரும்.

சின்ன வகுப்புகளுக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் (StoryWeaver) என்ற இலவசக் கதைத் தளம். மழை, காற்று, மரம் என்று தமிழிலேயே படக்கதைகள் இருக்கின்றன, நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். அச்சிடலாம், மாற்றி எழுதலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை, பெயரைக் குறிப்பிட்டால் போதும். அங்குள்ள படங்களை எடுத்துப் பிள்ளைகளே புதுக்கதை செய்யவும் வழி இருக்கிறது. பதனீர் இறக்குகிற தாத்தாவைப் பற்றி ஒரு கதை அந்தத் தளத்தில் இல்லையென்றால் உங்கள் வகுப்பே எழுதலாம்.

உங்களுக்கான வாசிப்புக்குப் பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவ் (Internet Archive) தளம். 1917-இல் வெளிவந்த பேட் என்பவரின் திருநெல்வேலி மாவட்ட கெசட்டியர், அதாவது மாவட்ட விவரத் தொகுப்பு, அங்கே இருக்கிறது. ஊர்ப் பெயரைப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் டின்னவெல்லி (Tinnevelly) என்று அடித்தால்தான் கிடைக்கும். நூறு வருடத்துக்கு முந்தைய கார், பிசானம் என்ற இரண்டு போக நெல் சாகுபடி விவரத்தை நீங்கள் படித்துத் தமிழில் நாலு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாத்தா, ஆச்சியிடம் கேட்டு வரட்டும். பாபநாசம் அணையை ஜூன் தொடக்கத்தில் காருக்குத் திறப்பது பற்றி அவர்கள் சொல்கிற தகவல் எந்தத் தளத்திலும் கிடைக்காது.

நடைமுறையில் ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஐப்பசி பிறந்தால் கரண்டும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. தேவையான பக்கங்களை புரட்டாசியிலேயே இறக்கி பென்டிரைவில் போட்டு வையுங்கள், பாட்டையும் கதையையும் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து வையுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை மட்டும் போட்டு விட்டுவிட வேண்டாம். பல வீடுகளில் ஒரே போன்தான், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.