திம்பம் வழியாக இரவுப் பயணம் – பதில்

குடும்பத்தோடு இரவு 8 மணிக்கு ஈரோட்டில் கிளம்பி, சத்தியமங்கலம் காட்டுக்குள் ஏறும் திம்பம் மலைப்பாதை வழியாக மைசூர் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாதுங்க. மலை அடிவாரத்தில் இருக்கிற பண்ணாரி சோதனைச்சாவடிக்கு வரும்போதே 9 தாண்டிவிடும், 2022 பிப்ரவரியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவு 9 முதல் காலை 6 வரை வெளியூர் கார்களை மேலே விடுவதில்லை. எனக்கு அது நியாயமான தடைதான், சத்தியமங்கலம் 2013-லேயே புலிகள் காப்பகம் ஆன பிறகும் ராத்திரியில் ரோட்டைக் கடக்கிற மானும் சிறுத்தையும் வண்டியில் அடிபட்டுச் செத்தன.

சத்தியமங்கலத்தில் தங்கி விடிந்ததும் ஏறுங்கள். 27 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் ஆசனூர் தாண்டினால் கர்நாடக எல்லையில் காராப்பள்ளம் சோதனைச்சாவடி. அங்கே கரும்பு லாரிக்காகவே யானைகள் குட்டியோடு ரோட்டோரம் நிற்கும், தும்பிக்கையை நீட்டிக் கட்டோடு உருவும். பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் பழம், பிஸ்கட் எதுவும் போடாதீர்கள், ஹாரனும் வேண்டாம். தள்ளி நிறுத்தி, யானை விலகிய பிறகு போங்கள்.