கேளுங்க சொல்றோம்: கராஜுக்குள்ளயே வில்லை டியூன் பண்றது

அமெரிக்காவுல மான் சீசன் நெருங்குது, அதனால இந்த தடவை வந்த கேள்வியில பாதி வில்லு பத்தி தான், அதுலயும் டியூனிங், அதாவது அம்பு கோணாம நேரா கிளம்பற மாதிரி வில்லை சரி பண்றது.

கேள்வி: மிச்சிகன்ல இருக்கேன். ஹண்டர் சேஃப்டி கோர்ஸ் முடிச்சாச்சு, செகண்ட் ஹேண்டுல ஒரு காம்பவுண்டு வில் (முனைகள்ல கப்பி மாதிரி சக்கரம் வெச்ச வில்) வாங்கிருக்கேன், இழுக்கற விசை 60 பவுண்டு. அக்டோபர் 1 ஆர்ச்சரி சீசன் ஆரம்பம், கடையில டியூன் பண்ண கொடுத்தா எப்ப திரும்பி வரும்னு தெரியல. வீட்லயே பண்ணிக்கலாமா? எங்க ஆரம்பிக்கறது?

தாராளமா பண்ணலாம். ஆனா நிறைய பேரு வீடியோ பாத்துட்டு நேரா பேப்பரை கட்டி, அது வழியா அம்பு விட்டு கிழிசலை பாக்க ஆரம்பிச்சிடுறாங்க, அது கடைசிக்கு முந்தின வேலை. முதல்ல வில்லு உங்க அளவா இல்ல பழைய ஓனரோட அளவான்னு பாருங்க. ரெண்டு கையையும் பக்கவாட்டுல விரிச்சு நின்னு விரல் நுனியில இருந்து விரல் நுனி வரைக்கும் அளந்து 2.5-ஆல வகுத்தா உங்க டிரா லெங்த் (நாணை எவ்வளவு தூரம் இழுக்கணும்ங்கற அளவு) கிட்டத்தட்ட வந்துடும், 70 இன்ச்னா 28. வில்லு 29 இன்ச்ல செட் ஆகியிருந்தா நீங்க என்ன டியூன் பண்ணாலும் தலை பின்னாடி சாயும், இடது கை முறுக்கிக்கும், அப்புறம் தப்பு வில்லு மேலன்னு நினைச்சுட்டு உக்காந்திருப்பீங்க.

அடுத்தது நாணையும் கேபிளையும் (சக்கரத்துல இருந்து வர்ற மத்த கயிறு) மெதுவா விரல்ல தடவி பாருங்க. நூல் பிரிஞ்சிருந்தா, சுத்தியிருக்கற செர்விங் நகர்ந்திருந்தா, டியூனிங் எல்லாம் அப்புறம், முதல்ல நாண் மாத்துங்க. லிம்ப்ல (வில்லோட வளையற கை) விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சு பாக்கணும். அம்பையும் விடாதீங்க, கார்பன் ஷாஃப்டை (அம்போட தண்டு) ரெண்டு கையில பிடிச்சு லேசா வளைச்சு காதுகிட்ட வெச்சு கேளுங்க, சின்னதா நொறுங்குற சத்தம் வந்தா அந்த அம்பு குப்பைக்கு தான். விரிசல் விட்ட கார்பன் அம்பு விடும்போது உடைஞ்சா சிம்பு கைக்குள்ள ஏறும், ஆஸ்பத்திரி தான்.

இதெல்லாம் ஓகேன்னா அலன் கீ எடுங்க. அம்பை நாண்ல மாட்டினா ரெஸ்டுக்கு (அம்பு உக்கார்ற தாங்கி) மேல, ரைசர்ல (வில்லோட நடு கைப்பிடி பாகம்) ரெஸ்டை மாட்டுற ஓட்டைக்கு நேரா போகணும், நாணுக்கு 90 டிகிரியா, இல்லேன்னா நாக் (நாண்ல மாட்டற அம்போட பின் முனை) பக்கம் ஒரு மயிரிழை மேல. அம்போட நடு ரைசர்ல இருந்து எவ்வளவு தள்ளி இருக்கணும்னு உங்க வில்லோட மேனுவல்ல இருக்கும், நிறைய வில்லுக்கு 13/16 இன்ச் பக்கம் வரும், அங்க வெச்சு ஆரம்பிங்க. முக்கியமா ஒண்ணு, எதை நகர்த்தறதுக்கு முன்னாடியும் பழைய இடத்துல வெள்ளை பெயின்ட் பேனாவால ஒரு கோடு போட்டுருங்க, ஒரு நோட்டுல எழுதிருங்க. ஒரு நேரத்துல ஒரே ஒரு மாத்தம் தான். ரெஸ்டையும் நகர்த்தி டி-லூப்பையும் (நாண்ல அம்புக்கு பின்னாடி கட்டியிருக்கற சின்ன கயிறு வளையம், இதை பிடிச்சு தான் இழுப்பீங்க) ஏத்தினா எது வேலை செஞ்சுதுன்னு யாருக்கும் தெரியாது.

இன்னொண்ணு, அம்பு இல்லாம நாணை இழுத்து விட்றவே கூடாது. அம்பு எடுத்துட்டு போக வேண்டிய சக்தி மொத்தமும் லிம்புக்கே திரும்பி வரும், வில்லு உங்க முகத்துக்கு முன்னாடியே சிதறலாம். கராஜுக்கு வர்ற நண்பர்கள் "சும்மா இழுத்து பாக்கறேன்"னு கேப்பாங்க, குடுக்காதீங்க.

கேள்வி: பேப்பர் டியூனிங் பண்றேன், கிழிசல் இடது பக்கமா வருது. ஒரு சார்ட்டு ரெஸ்டை வலது பக்கம் நகர்த்து-ங்குது, இன்னொண்ணு இடது-ங்குது. எதை நம்பறது? – டல்லாஸ்

ரெண்டையும் நம்பாதீங்க, பேப்பரை நம்புங்க. மேல கீழ கிழிசல் சுலபம், நாக் மேல கிழிச்சா டி-லூப்பை கீழ இறக்குங்க இல்ல ரெஸ்டை ஏத்துங்க, கீழ கிழிச்சா அப்படியே தலைகீழ். இடது வலது தான் வம்பு, ஏன்னா அதுல ரெஸ்ட் மட்டும் இல்ல, அம்போட விறைப்பு, கேம் (வில் முனையில இருக்கற சக்கரம்) சாஞ்சிருக்கறது, உங்க கை, எல்லாம் கலந்து வருது. அதனால ரெஸ்டை 1/32 இன்ச் ஒரு பக்கம் நகர்த்துங்க, கிழிசல் சின்னதானா அதே பக்கம் போங்க, பெருசானா திரும்பி வாங்க.

ஆனா ரெஸ்டை தொடறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. பேப்பர்ல இருந்து ஆறேழு அடி தள்ளி நின்னு, ஒரே அம்பை அதே மாதிரி மூணு தடவை விடுங்க. மூணும் ஒரே மாதிரி கிழிச்சா அது வில்லு சொல்ற சேதி. ஒண்ணு இடது, ஒண்ணு நேரா, ஒண்ணு மேலன்னு வந்தா அது நீங்க தான், ரெஸ்டை தொடவே தொடாதீங்க. பெரும்பாலும் பிடி தான் காரணம். பைக் ஹேண்டில் பிடிக்கற மாதிரி வில்லை இறுக்கி பிடிச்சா நாண் முன்னாடி போகும்போது ரைசர் சுத்திக்கும். கட்டைவிரலுக்கு கீழ இருக்கற சதையில கிரிப் உக்காரணும், மத்த விரலெல்லாம் தளர்வா கெடக்கணும், அம்பு போனப்புறம் வில்லு தானா முன்னாடி விழணும். பயமா இருந்தா மணிக்கட்டுல ஸ்லிங் (வில்லு கீழ விழாம பிடிக்கற வார்) கட்டிக்கோங்க. என்கிட்ட "ரெஸ்ட் எவ்வளவு நகர்த்தியும் சரியாகல"ன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு கிரிப்பை மாத்தினதும் கிழிசல் பாதி காணாம போயிடுது.

இன்னும் ரெண்டு சின்ன செக். ஒரே அம்புல மட்டும் கிழிசல் வேற மாதிரி வந்தா நாக்கை கொஞ்சம் திருப்பி விட்டு பாருங்க. பிடி சரியா இருந்தும் எல்லா அம்பும் விதவிதமா அடிச்சா இறகு எங்கயோ தட்டுது, ரெஸ்ட் மேலயும் கேபிள் பக்கமும் காலுக்கு அடிக்கற ஃபுட் பவுடர் ஸ்பிரே அடிச்சுட்டு ஒரு அம்பு விடுங்க, எங்க உரசுதோ அங்க பவுடர்ல கோடு விழும்.

குண்டூசி ஓட்டை மாதிரி ஒரே ஓட்டை வரணும்னு ஒரு வாரம் முழுக்க பேப்பரை கிழிச்சுட்டு இருக்கவேண்டாம். அரை இன்ச்சுக்கு உள்ள வந்தாச்சுன்னா போதும், வெளிய போங்க.

கேள்வி: பேப்பர்ல புல்லட் ஓட்டை (கிழிசல் இல்லாத ஒரே ஓட்டை), ஃபீல்டு பாயின்ட் (பயிற்சிக்கு மாட்டற பிளேடு இல்லாத முனை) எல்லாம் 30 யார்டுல டீ கப் அளவுக்குள்ள விழுது. பிராட்ஹெட் (வேட்டைக்கு மாட்டற பிளேடு முனை) மாட்டினா ஆறு இன்ச் இடது பக்கம் போகுது. சைட்டை (குறி பாக்கற கருவி) நகர்த்திட்டா போச்சுல்ல? – பென்சில்வேனியா

போச்சு தான், ஆனா வில்லு சரியாகாது, நீங்க கோணலை மறைச்சுட்டீங்க அவ்வளவு தான். பிராட்ஹெட்டோட பிளேடு முன்னாடி ஒரு ரெக்கை மாதிரி வேலை செய்யும், அம்பு கொஞ்சம் கோணலா கிளம்பினாலும் காத்து அதை பிடிச்சு இழுத்துட்டு போகும். பேப்பர் காட்டாததை இது காட்டிடும். அதான் நான் பேப்பரை விட இந்த டெஸ்டை தான் நம்புவேன், மானுக்கு போறது பேப்பர் துளைச்ச அம்பு இல்லையே.

முறை இது தான். ஃபிக்ஸட் பிளேடு (பிளேடு மடங்காத பிராட்ஹெட்) எடுங்க, ஃபீல்டு பாயின்ட் என்ன எடையோ அதே எடை, 100 கிரெய்ன்னா (அம்பு எடையை சொல்ற சின்ன அளவு) 100. 20 யார்டுல ஆரம்பிங்க, ஒரே டார்கெட்ல வேற வேற புள்ளி வெச்சு, ஒரு புள்ளிக்கு ரெண்டுலயும் ஒவ்வொண்ணு மட்டும் விடுங்க, இல்லேன்னா அம்பு மேல அம்பு விழுந்து காசு போகும். பிராட்ஹெட் ஃபீல்டு பாயின்ட்டுக்கு இடது பக்கம் விழுந்தா ரெஸ்டை வலது பக்கம் நகர்த்துங்க, அதாவது ஃபீல்டு பாயின்ட் இருக்கற திசைக்கு. கீழ விழுந்தா ரெஸ்ட் மேல. எப்பவும் 1/32 இன்ச். ரெண்டும் சேர்ந்தப்புறம் 30, அப்புறம் 40. எல்லாம் ஒண்ணா விழுந்தப்புறம் தான் சைட்டை தொடணும். பிளேடு மாட்டின அம்பை குறடு மாதிரி ரெஞ்சு வெச்சு தான் திருகணும், விரல்ல பிடிச்சு திருகி கையை கிழிச்சுக்காதீங்க.

எவ்வளவு நகர்த்தியும் சேரலேன்னா ஷாஃப்டை சந்தேகப்படுங்க. அம்பு மேல 400, 340னு போட்டிருக்குமே, அது 28 இன்ச் இடைவெளியில தாங்கி நடுவுல 880 கிராம் தொங்க விட்டா எத்தனை ஆயிரத்துல ஒரு பங்கு இன்ச் வளையுதுங்கற கணக்கு, அதனால நம்பர் சின்னதானா அம்பு விறைப்பு. டிரா வெயிட் (வில்லை இழுக்கற விசை) ஏத்தினாலோ முனை எடை கூட்டினாலோ அம்பு தளர்ந்த மாதிரி நடந்துக்கும், ஷாஃப்டை குட்டையா வெட்டினா விறைக்கும். அம்போட மொத்த எடை, டிரா வெயிட்ல ஒரு பவுண்டுக்கு 5 கிரெய்னுக்கு கீழ போகவே கூடாது, 60 பவுண்டு வில்லுக்கு 300 கிரெய்ன். மானுக்கு 400 கிரெய்னுக்கு மேல வெச்சுக்கோங்க, வேகம் கொஞ்சம் குறைஞ்சா பரவாயில்ல.

கேள்வி: கேம் டைமிங் (ரெண்டு கேமும் ஒண்ணா சுத்தறது) தப்புன்னு சொல்றாங்க. பிரெஸ் (லிம்பை பத்திரமா அமுக்கற கருவி) இல்லாம கயிறு கட்டி, டேபிள் வைஸ்ல மாட்டி லிம்பை அமுக்கிடலாமா?

கூடாது. 1966-ல மிசூரிக்காரர் ஹோலஸ் வில்பர் ஆலன் காம்பவுண்டு வில்லுக்கு பேடன்ட் போட்டார், அப்ப இருந்தே இந்த வில்லுக்குள்ள சக்தி லிம்ப்ல அடைஞ்சு தான் கெடக்கு, நீங்க இழுக்காதப்பவும். நழுவினா பல்லு போகும், கண்ணு போகும். டைமிங் சரியான்னு பாக்கறதை மட்டும் வீட்ல செய்யலாம், நீங்க முழுசா இழுத்து நிக்க (அம்பு மாட்டி, டார்கெட் பக்கம் பாத்து) இன்னொருத்தர் பக்கத்துல இருந்து ரெண்டு கேமோட ஸ்டாப்பும் (இழுப்பை நிறுத்தற முனை) ஒரே நேரத்துல தொடுதான்னு பாக்கணும். ஒண்ணு முந்தினா கேபிளை ஒரு ரெண்டு முறுக்கு முறுக்கணும், அதுக்கு உங்க வில்லுக்கு ஒத்துக்கற பிரெஸ் வேணும். அது இல்லாதவங்க கடைக்கு போறது தான் புத்தி, அந்த ஒரு வேலைக்கு காசு குடுங்க, மத்ததை வீட்ல பாத்துக்கலாம்.

கேள்வி: சேலத்துல இருக்கேன். இங்க இந்த மாதிரி வில் வாங்கி காட்டுப்பக்கம் போகலாமா?

காட்டுப்பக்கம் வேண்டாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை இங்க குற்றம், வில்லா துப்பாக்கியாங்கறது கணக்கே இல்ல. ஆனா டார்கெட்டுக்கு விட யாரு தடுத்தா? ஹாங்சூ ஆசிய விளையாட்டுல காம்பவுண்டு வில்லுக்கு இருந்த 5 தங்கமும் இந்தியாவுக்கு தான் வந்துச்சு, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ்லயும் காம்பவுண்டு கலப்பு அணி போட்டி சேர்த்திருக்காங்க. மேல சொன்ன பேப்பர், நாக், பிடி எல்லாம் அப்படியே உங்களுக்கும் பொருந்தும், பிராட்ஹெட்டை மட்டும் மறந்துடுங்க.

கேள்வி: புது நாண் போட்டேன், பீப் சைட் (நாண்ல இருக்கற, குறி பாக்கற சின்ன ஓட்டை) இழுக்கும்போது திரும்பிக்குது.

நாண் இன்னும் அமையல. ஒரு நூறு அம்பு விடுங்க, அதுக்கு முன்னாடி எதையும் டியூன் பண்ணாதீங்க. அப்புறமும் திரும்பினா டி-லூப்பை நாண்ல கொஞ்சூண்டு திருப்பி வெச்சு பாருங்க, அதுலயும் அடங்கலேன்னா பிரெஸ்ல போட்டு பீப்புக்கு ஒரு பக்கம் இருக்கற இழை ஒண்ணை மறுபக்கம் மாத்தணும்.