எல்.கே.ஜி. பையனுக்கு 4,500 ரூபாய் சயின்ஸ் கிட் தேவையா?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. எல்.கே.ஜி. படிக்கிறான். 'ஸ்டெம் கிட்' என்கிற அறிவியல் செய்முறைப் பெட்டி வாங்க 4,500 ரூபாய் கட்டச் சொல்லிப் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. வாங்காவிட்டால் பின்தங்கிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. வீட்டிலேயே செய்து காட்டலாம் என்றால், நான் பத்தாவது வரைதான் படித்தவள். அவன் கேட்கிற கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியாது. என்ன செய்வது?
- வாசகி, ஈரோடு

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள் அம்மா. உங்கள் பையன் பின்தங்க மாட்டான்.

நாலரை வயதில் அறிவியல் என்றால், ஒரு பொருளைக் கையில் எடுத்து, இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று ஊகித்து, செய்து பார்ப்பது. அதற்கு உங்கள் பத்தாவது படிப்பு தாராளம்.

நாளைக்குச் சமையலுக்கு உட்காரும்போது ஒரு பேசினில் தண்ணீர் எடுத்து வையுங்கள். குலுக்கினால் சத்தம் கேட்கிற முற்றிய தேங்காய், உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், புளியங்கொட்டை, ஸ்டீல் ஸ்பூன், சின்ன ஸ்டீல் கிண்ணம் போதும். ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன்னால் "மூழ்குமா, மிதக்குமா?" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள், தண்ணீரே திருத்தும். தேங்காயை இரண்டு கையாலும் தூக்கி, "கனமா இருக்கு, உள்ள போயிடும்" என்பான். அது மிதக்கும். பொடிப் புளியங்கொட்டை அடியில் போய் உட்காரும். அப்போது அவனைக் கவனியுங்கள். தேங்காயைத் தண்ணீருக்குள் அமுக்கி, கையை விட்டு, அது மேலே வருவதைப் பார்த்து, மறுபடியும் அமுக்குவான். பத்துத் தடவை செய்தாலும் தடுக்காதீர்கள்.

இந்த இடத்தில்தான் பெரியவர்கள் அவசரப்பட்டு, "கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். தப்பு என்று தேங்காயே காட்டிவிட்டது. அடர்த்தி, கிடர்த்தி எல்லாம் பெரிய வகுப்பில் படித்துக்கொள்ளட்டும். "ஸ்பூன் மூழ்கிடுச்சு, கிண்ணம் மட்டும் ஏன் மிதக்குது?" என்று அவன் கேட்டால், "எனக்கும் தெரியல, கிண்ணத்துல கொஞ்சம் கொஞ்சமா தண்ணி ஊத்திப் பாப்பமா?" என்று சொல்லுங்கள். உங்களிடம் பதில் இல்லை என்பதால் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. முடிந்ததும் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். சின்னக் குழந்தைக்குச் சில அங்குலத் தண்ணீரே ஆபத்து.

இனி கிட் விஷயம். சில இடங்களில் இந்தப் பெட்டிகளை விற்கிறவர்கள் பள்ளிக்குக் கமிஷன் கொடுத்து, பிள்ளைக்கு ஒன்று என்று தள்ளிவிடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கும்? மாவுக்கலவை, சிரிஞ்ச், பலூன், பல்பு, பொத்தான் பேட்டரி, குட்டிக் காந்தங்கள். நான் பயிற்சி கொடுக்கப் போன ஒரு பள்ளியில் அப்படி ஒரு பெட்டியைத் திறந்தபோது, பிளாஸ்டிக் மூடி கழன்று இரண்டு காந்தங்கள் மேஜையில் உருண்டன. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒன்றுக்கு மேல் விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டுகிற குடல் சுவரை ஓட்டையாக்கிவிடும். பொத்தான் பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவைப் பொசுக்கத் தொடங்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள். பெட்டியின் மேல் '3+' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள்.

வகுப்பு டீச்சரிடம் சண்டை போட வேண்டாம், அவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. தாளாளருக்கு, "கிட் வேண்டாம், வீட்டிலிருந்து பொருள் கொடுத்தனுப்புகிறேன்" என்று எழுதிக் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் யார் பெயரில் ரசீது என்று கேளுங்கள். கேட்டவுடன் சில பள்ளிகளில் 'கட்டாயம்' என்ற சொல் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

கடையில் வாங்கத் தகுந்தது ஒன்று உண்டு. பூதக்கண்ணாடி. கண்ணாடி வேண்டாம், உடையாத பிளாஸ்டிக்கில், பிடி வைத்தது, அவன் உள்ளங்கை அகலத்துக்காவது இருக்க வேண்டும். குட்டியாக இருந்தால் பிள்ளைகள் கண்ணில் ஒட்டிவைத்து, ஒன்றும் தெரியவில்லை என்று தூக்கிப் போட்டுவிடும். தரையில் கொஞ்சம் சர்க்கரை போட்டு, எறும்பு வந்ததும் லென்ஸை எறும்புக்கு மேலே பிடித்து, மெதுவாக உயர்த்தச் சொல்லுங்கள். எறும்பு பெரிதாகும், அப்புறம் மங்கும். எங்கே தெளிவாகத் தெரிகிறது என்று அவனே கண்டுபிடிக்கட்டும். சூரியனை மட்டும் அதன் வழியாகப் பார்க்கவே கூடாது. வெயிலில் வைத்துவிட்டும் வராதீர்கள், காகிதம் தீப்பிடிக்கும்.

பிள்ளைகளுக்கு என்ன, எப்படிக் கற்பிக்கலாம் என்று வழிகாட்டுகிற, 2022-ல் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகம், 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழியாகக் கற்பிக்க வேண்டும் என்கிறது. இங்கோ எல்.கே.ஜி. பிள்ளைகளை 'லிவிங் திங்ஸ், நான் லிவிங் திங்ஸ்' என்று எழுத வைத்து டிக்டேஷன் நடத்துகிறார்கள். புனேயில் அர்விந்த் குப்தா குப்பையில் கிடக்கும் பொருட்களை வைத்தே அறிவியல் பொம்மைகள் செய்து காட்டி, செய்முறைகளை இலவசமாகக் கொடுத்தார். 2018-ல் பத்மஸ்ரீயும் வந்தது. இன்னும் நாம் பெட்டிக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

பேசினில் விளையாடி முடித்ததும், ராத்திரி நாலு மொச்சையை ஊறப் போடுங்கள். காலையில் இரண்டை, வெளியே தெரியும்படி கண்ணாடி டம்ளரின் ஓரத்தில் ஈரப் பஞ்சு வைத்துச் செருகுங்கள். மீதி இரண்டை ஈரமில்லாத டம்ளரில் போடுங்கள். எண்ணி வைத்து, எண்ணி எடுங்கள். மூக்கில் போட்டுக்கொண்டால் ஊறி அடைத்துக்கொள்ளும். முதலில் வேர் வரும். வந்ததும் அந்த மொச்சையைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, வேர் எந்தப் பக்கம் போகும் என்று அவனிடம் கேளுங்கள். தினமும் ஒரு படம் வரையட்டும். இந்த வாரத்துக்கு அது போதும்.