பேச்சை ஆராய்பவருக்கு இயந்திரத்திடம் என்ன வேலை?

கோவை, மொழியியல் மாணவி: மக்கள் பேசிக்கொள்ளும் முறையைப் படிக்கும் எனக்குச் செயற்கை நுண்ணறிவு ஆய்வில் இடம் உண்டா, ஐயா?

பதில்: அந்த இடம் புதிதன்று. மானிடவியலாளர் லூசி சச்மன், ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில், வழிகாட்டும் நகலெடுப்பு இயந்திரத்தின் முன் தடுமாறியவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 1987-இல் நூலாக்கினார். இயந்திரம் தன் திட்டப்படி அடுத்த படியைக் காட்ட, மக்கள் அதைத் தங்கள் செயலுக்கான மறுமொழி என்று எடுத்துக்கொண்டார்கள். இன்றைய அரட்டைச் செயலிகளிடமும் இதே மயக்கத்தைத் தேடலாம்.

திருப்பூர், மென்பொருள் பொறியாளர்: எங்கள் குரல் உதவியாளர் வாடிக்கையாளரை இடைமறித்துப் பேசுகிறது. கோளாறு எங்கே?

பதில்: மௌனத்தை அது எடுத்துக்கொள்ளும் விதத்தில் இருக்கலாம். ஒலி சற்று நின்றாலே பேச்சு முடிந்தது என்று பல செயலிகள் கணக்கிடுகின்றன. 10 மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வில், ஆம்-இல்லை வினாவுக்கும் விடைக்கும் இடையே சராசரியாகச் சுமார் 200 மில்லிவினாடிதான் இருந்தது. அதாவது, கேட்டு முடித்த பிறகு விடை தேட நேரமில்லை; எதிரில் இருப்பவர் முடிக்கும் முன்பே முடிவை ஊகித்துவிடுகிறோம். “நாளைக்குச் சரக்கு அனுப்புறதுக்குங்…” என்று ஒருவர் இழுத்தால், வினை இன்னும் வரவில்லை என்பது நம் காதுக்குத் தெரியும். உங்கள் செயலிக்குத் தெரியாது. இடைமறித்த 50 இடங்களை எடுத்து, எந்தச் சொல்லில் ஒலி நின்றது என்று கையால் எழுதிப் பாருங்கள். வேற்றுமை உருபிலும் எச்சத்திலும் நின்றவை மிகுந்திருந்தால், காத்திருக்கும் நேரத்தை மட்டும் கூட்டுவது தீர்வாகாது.

பொள்ளாச்சி, ஆசிரியர்: உரையாடல்களின் எழுத்துப்படி ஏராளமாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

பதில்: மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். “பல்லைப் பாத்தீங்களா”, “அட, போங்க” என்பவை பதிவாகும். விலையோ விரலோடு போய்விடும். எழுத்துப்படியிலும் இதுதான் நேர்கிறது. சட்டென்று வரும் “சரிங்க” இசைவு. அரை வினாடி கழித்து இழுத்து வரும் “சரீ…ங்க” பெரும்பாலும் மறுப்பின் முன்னுரை. வினாடியில் பத்தில் ஒரு பங்கு மௌனத்தையும் குறிக்கும் முறையை உரையாடல் ஆய்வாளர் கெயில் ஜெஃபர்சன் வகுத்துத் தந்திருக்கிறார். அதைப் பயன்படுத்துவதே நம் பங்கு.

ஈரோடு, வாசகர்: இயந்திரத்துக்கு உண்மையிலேயே புரிகிறதா?

பதில்: தத்துவவாதிகளிடம் விட்டுவிடுகிறேன். இயந்திரத்துக்குப் புரிந்ததாகக் கொண்டு மனிதர் அடுத்து என்ன சொல்கிறார் என்று பார்ப்பதே, பேச்சை ஆராயும் எங்கள் வேலை.

கோபி, ஆய்வு மாணவர்: நிரல் எழுதத் தெரியாது. கணினித் துறையினரோடு எப்படிச் சேர்வது?

பதில்: செயலியை மதிப்பிடும் அளவுகோல் முடிவாகும் முன்பே போய்விடுங்கள், பிறகு போனால், விளக்கவுரை எழுதும் வேலைதான் மிஞ்சும். பேசியவர்களின் ஒப்புதலோடு எடுத்த இரண்டு நிமிடப் பதிவைக் கொண்டுசென்று, பொறியாளரையும் உடன் அமர்த்தி வரிவரியாகக் கேளுங்கள்.