சதாம் தினார், சுவிஸ் தினார்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: சார், பழைய நோட்டு விற்கும் டீலர் ஒருவர் சுவிஸ் தினார் என்று ஒரு நோட்டைக் காட்டினார். அது சுவிட்சர்லாந்து பணமா?

பதில்: இல்லைங்க, ஈராக் பணம்தான். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்ததும் ஐ.நா. பொருளாதாரத் தடை போட்டது. அதற்கு முன் அவர்கள் நோட்டு பிரிட்டனில் டி லா ரூ நிறுவனத்தில் அச்சானது, அச்சுத் தகடு சுவிட்சர்லாந்தில் செய்தது, அதனால் அந்தப் பெயர். தடைக்குப் பிறகு அந்த வழி அடைபட்டதால் உள்ளூரிலேயே மட்டமான தாளில் அடித்துத் தள்ளினார்கள், விலைவாசி எகிறியது. அதுதான் சதாம் தினார்.

கேள்வி: அப்போ சதாம் படம் இருந்தால் சதாம் தினார், சரியா?

பதில்: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 1986 என்று போட்ட 25 தினாரிலும் சதாம் இருக்கிறார், ஆனால் அது பழைய நல்ல அச்சு. படத்தை விட்டுவிட்டுத் தாளையும் கோடுகளின் கூர்மையையும் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, இரண்டில் எதற்கு மதிப்பு அதிகம்?

பதில்: 1993ல் பாக்தாத் அரசு பழைய சுவிஸ் 25 தினாரைச் செல்லாது என்றது. ஈராக்கின் வடக்கே வாழும் குர்து இன மக்கள் கேட்கவில்லை, அதையே புழங்கினார்கள். புதிதாக அச்சடிக்க யாரும் இல்லை, நோட்டு கிழிந்துகொண்டே போனது, மதிப்பு மட்டும் விழவில்லை! 2003 அக்டோபரில் புது நோட்டுக்கு மாற்றியபோது ஒரு சுவிஸ் தினாருக்கு 150 புது தினார், சதாம் தினாருக்கு ஒன்றுக்கு ஒன்று. தாங்கிப் பிடிக்க ஒரு அரசே இல்லாத காகிதம் இப்படி ஜெயித்ததால்தான் எனக்கு இதன் மேல் தனிப் பிரியம். சேகரிப்பவருக்கு என்றால், 1995ன் 250 தினார் மலையாகக் கிடைக்கிறது, அதிக விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: அப்பா 1990ல் குவைத்திலிருந்து கொண்டுவந்த குவைத் தினார் பெட்டியில் இருக்கிறது. மாற்ற முடியுமா?

பதில்: முடியாது தம்பி. ஈராக் படை வங்கியிலிருந்து நோட்டுகளை அள்ளிப் போனதால், 1991ல் குவைத் அந்தத் தொடரையே செல்லாததாக்கிப் புதுத் தொடர் விட்டது. அப்பாவின் நினைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அழுக்காக இருக்கிறது, கழுவி இஸ்திரி போடலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம். பிவிசி உறையிலும் போடாதீர்கள், பாலியெஸ்டர் உறை வாங்குங்கள்.

கேள்வி: இப்போதைய ஈராக் தினார் வாங்கி வைத்தால் ஒருநாள் மதிப்பு பல மடங்காகும் என்கிறார்களே?

பதில்: அது சேகரிப்பு இல்லை, ஏமாற்று வியாபாரம். அடுத்த கேள்விக்குப் போவோம்.