திரைக்கு வராத ஆறாவது குடும்பம்

கேள்வி: அன்புள்ள அம்மா, ஒரு காலத்தில் ஒரே சபையில் இருந்த ஆறு குடும்பங்கள் நாங்கள். வேலை, படிப்பு என்று இப்போது ஆளுக்கொரு தேசத்தில் இருக்கிறோம். இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் வீடியோவில் ஜெபக்கூட்டம் நடத்துகிறோம். ஆரம்பத்தில் எல்லோரும் வந்தார்கள். இப்போது இரண்டு மூன்று வீடுகள்தான். நேர வித்தியாசம் வேறு படுத்துகிறது. பெரிய பிள்ளைகள் கேமராவை அணைத்துவிட்டு வேறு எதையோ பார்க்கிறார்கள். ஒரு குடும்பம் நாலு மாதமாக வரவே இல்லை. இதை உயிருள்ள ஐக்கியமாக ஆக்குவது எப்படி? திருவிருந்தையும் திரை வழியாகவே வைத்துக்கொள்ளலாமா? எங்களில் இரண்டு குடும்பங்கள் இப்போது வேறு சபைப்பிரிவில் இருக்கிறார்கள்.
— பெயர் வேண்டாம், ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி,

உங்கள் கடிதம் முழுக்கக் கூட்டத்தைப் பற்றித்தான். வராமல் போன குடும்பத்துக்கு ஒரே ஒரு வரி. நான் அந்த வரியைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒரு ஜெபக்குழுவில் இருந்தேன். உடம்பு முடியாமல் மூன்று மாதம் கலந்துகொள்ளவில்லை. கூட்டத்துக்கான இணைப்பு மட்டும் வாரம் தவறாமல் போனில் வந்து விழும். "என்னம்மா ஆச்சு?" என்று ஒரு குரல் வரவில்லை. நாலாவது மாதம் திரும்பிப் போனபோது, "இன்னைக்குப் பாட்டு நீங்க எடுக்கிறீங்களா சிஸ்டர்?" என்றுதான் கேட்டார்கள். அவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. கூட்டத்தை நடத்தி முடிப்பதிலேயே அவர்கள் பலமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

உங்களுக்கும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். ஒரே சபையில் இருந்த காலத்தில் உங்கள் ஆறு வீட்டையும் கட்டிவைத்தது ஆராதனை மட்டுமா? அது முடிந்து வாசலில் நின்று பேசிய பேச்சு, "பெரியவன் எங்கே, காணோமே?" என்ற விசாரிப்பு, காய்ச்சல் என்று கேள்விப்பட்டு எட்டிப்பார்த்த சாயங்காலம், இவையும்தானே? நீங்கள் பிரிந்து போனபோது கூட்டத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். வாசலை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

ஆதிச் சபையைப் பாருங்கள். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்தை நாமெல்லாம் வெறும் பெயர்ப்பட்டியல் என்று வேகமாகப் புரட்டிவிடுவோம். அதை எழுதிய அப்போஸ்தலர் பவுல் அதுவரை ரோமாபுரிக்குப் போனதே இல்லை. ஆனாலும் அங்கே இருக்கும் இருபதுக்கு மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா வீட்டில் கூடுகிற சபையையும் மறக்கவில்லை. இவள் அதிகமாய்ப் பிரயாசப்பட்டாள், அவனுடைய தாய் எனக்கும் தாய் என்று பலருக்கும் தனித்தனியாக ஒரு வார்த்தை வைத்திருக்கிறார். யுஸ்தின் என்ற கிறிஸ்தவ அறிஞர் சுமார் 155-ஆம் ஆண்டில், தன் காலத்து ஞாயிறு ஆராதனை எப்படி நடந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். அதில் ஒரு விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும். கூட்டத்துக்கு வராதவர்களுக்குரிய திருவிருந்துப் பங்கை உதவிக்காரர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வராதவருக்கென்று எடுத்துவைக்கிற பழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

ஆகவே வாரக்கூட்டத்தை நிறுத்திவிடுங்கள். அதிர்ச்சியாக இருக்கிறதா? மாதத்துக்கு ஒன்று போதும், முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். (துரோவா என்ற ஊரில் பவுல் நடுராத்திரிவரை பேசியதில் ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். எழுப்பிவிடப் பவுல் பக்கத்திலேயே இருந்தார். உங்கள் வீடியோவில் தூங்கி விழுகிறவர்களை எழுப்ப ஆள் இல்லை.) எல்லோரும் சேர்ந்து பாடவும் முயலாதீர்கள். குரல் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நேரத்தில் போய்ச் சேருவதால் அது பாட்டாக இருக்காது. ஒரு வீட்டார் பாடட்டும், மற்றவர்கள் ஒலியை அணைத்துவிட்டுத் தங்கள் வீட்டுக்குள் கூடவே பாடட்டும்.

மிச்சமாகும் நேரத்தை வாசலுக்குக் கொடுங்கள். ஆறு குடும்பம் என்றால் மூன்று ஜோடி. ஒரு மாதம் முழுக்க இந்த வீடும் அந்த வீடும் ஜோடி, அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம். ஐந்தே மாதத்தில் ஒவ்வொரு குடும்பமும் மற்ற ஐந்து குடும்பத்தோடும் ஒரு மாதம் இருந்திருக்கும். ஜோடிக் குடும்பங்கள் வாரம் ஒருமுறை பேசினால் போதும். பிரசங்கம் வேண்டாம். இந்த வாரம் எப்படிப் போனது, எதற்காக ஜெபிக்க வேண்டும், போன வாரம் சொன்னது என்ன ஆயிற்று, அவ்வளவுதான். அந்த மூன்றாவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். "ஜெபத்தில் தாங்குங்கள்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். "அந்த ரிப்போர்ட் வந்துவிட்டதா?" என்று ஒருவர் அடுத்த வாரம் நினைவாகக் கேட்டால்தான் தாங்கியது தெரியும். இருவர் பேச நேரம் கண்டுபிடிப்பது, ஆறு வீட்டுக்கும் பொதுவாக நேரம் கண்டுபிடிப்பதைவிட எவ்வளவோ லேசு.

நேர வித்தியாசத்தை நீங்கள் தொல்லையாகவே பார்க்கிறீர்கள். 1727-இல் ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சிறு குடியிருப்பில் மொராவியர் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவு விசுவாசிகள் 24 ஆண்களும் 24 பெண்களுமாக ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று இரவும் பகலும் ஜெபத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்தச் சங்கிலி நூறு வருடத்துக்கு மேல் அறுபடாமல் நீடித்தது. நடுராத்திரி முறை வந்தவர்கள் தூக்கத்தைத் துறந்துதான் எழுந்திருக்க வேண்டும். உங்களுக்கோ ஒரு வீட்டில் நடுராத்திரி என்றால் இன்னொரு வீட்டில் விடிந்திருக்கும். யாருக்காவது அறுவைச் சிகிச்சை, யாருக்காவது பரீட்சை என்றால், அந்த நாள் முழுவதையும் தூக்கம் கெடாமலே ஆறு வீடும் பங்கிட்டுக்கொள்ளலாமே.

இனி பிள்ளைகள். அவர்கள் கேமராவை அணைப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்தக் கூட்டத்தில் அவர்களுக்கு என்ன வேலை இருக்கிறது, உட்கார்ந்திருப்பதைத் தவிர? ஜப்பானில் 1614-இல் கிறிஸ்தவம் நாடு முழுக்கத் தடைசெய்யப்பட்டது. நாகசாகிப் பகுதிக் கிறிஸ்தவர்கள் குருமார் யாரும் இல்லாமல் இருநூறு வருடத்துக்கு மேல் விசுவாசத்தை மறைவில் காப்பாற்றினார்கள். 1865-இல் அவர்கள் வெளிப்பட்டபோது உலகமே திகைத்தது. அவர்களுக்குள் வேலை பிரித்திருந்தார்கள். திருநாள்களின் கணக்கை வைத்திருக்க ஒருவர், ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர், செய்தியை வீடு வீடாகக் கொண்டுபோக ஒருவர். அந்த முதல் வேலையையும் மூன்றாவது வேலையையும் உங்கள் பெரிய பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். யாருக்கு எப்போது பிறந்தநாள், யார் வீட்டில் யார் இறந்த நினைவு நாள், எந்தத் தேசத்தில் மார்ச்சிலும் அக்டோபரிலும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், அதனால் கூட்டம் எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை நம்மைவிட நன்றாக வைத்திருக்கும். ஜெபிக்கச் சொல்லி அவர்களை எல்லோர் முன்னாலும் திடீரென்று மாட்டிவிடாதீர்கள். பெற்றோரின் பாஷை சரியாக வராத பிள்ளை தனக்கு வரும் பாஷையில் பேசட்டும். கேள்வி கேட்டால் இன்னும் நல்லது. யாத்திராகமத்தில், எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்காவை ஏற்படுத்தும்போதே, பிள்ளைகள் இதன் கருத்து என்ன என்று கேட்பார்கள், அதற்கு இப்படிச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறது. கேட்காமல் தலையாட்டுகிற பிள்ளையைப் பற்றி அங்கே ஒன்றும் காணோம்.

திருவிருந்து விஷயத்தில் என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். வேண்டாம். 2020 பெருந்தொற்றுக் காலத்தில் சில புராட்டஸ்டன்ட் சபைகள் திரை வழித் திருவிருந்தை அனுமதித்தன, சில மறுத்தன. கத்தோலிக்கத் திருச்சபையோ, திரையில் திருப்பலி பார்க்கிறவர்கள் மனதால் ஆண்டவரை ஏற்றுக்கொள்ளும் ஆன்மிக நற்கருணையைத்தான் சொன்னது. பெரிய சபைகளே ஒத்துப்போகாத ஒன்றை, இரண்டு பிரிவாக இருக்கும் ஆறு குடும்பம் தன்னிச்சையாகத் தொடங்கினால் முதல் பிளவு அங்கேதான் விழும். உங்கள் ஐக்கியம் சபை அல்ல. ஒவ்வொரு குடும்பமும் தான் இருக்கும் இடத்தில் ஒரு சபையில் வேர் விடட்டும். அப்பமும் ரசமும் அங்கே. நெஞ்சடைத்தால் பக்கத்துத் தெருவிலிருந்து ஓடிவருவதும் அந்தச் சபையார்தான், நீங்கள் அல்ல.

இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் குழுவில் வந்ததை அப்படியே அனுப்பும் பழக்கத்தை, வசனப் படமே ஆனாலும், நிறுத்துங்கள். பூப்படங்களுக்கு அடியில்தான் யாரோ ஒருவரின் "ப்ளீஸ் ப்ரே" புதைந்துகிடக்கும். ஒரு வீட்டார் சொன்ன ஜெபக்குறிப்பு, அவர்கள் சம்மதம் இல்லாமல் அடுத்த ஜோடிக்குப் போகவும் கூடாது. ஜெபம் என்ற பெயரில் வதந்தி பரவுவதை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

நேரில் கூட ஒரு தேதி குறியுங்கள், இரண்டு வருடம் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை. யோவான் தன் இரண்டாம் நிருபத்தின் முடிவில், எழுதவேண்டியது நிறைய இருக்கிறது, ஆனால் "காகிதத்தினாலும் மையினாலும்" வேண்டாம், வந்து "முகமுகமாய்" பேசுகிறேன் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார். அந்த நிருபத்துக்கு மொத்தமே பதின்மூன்று வசனம்தான்.

இதெல்லாம் அடுத்த மாதம். இன்றைக்கு அந்த ஆறாவது வீட்டுக்குப் போன் போடுங்கள். குழுவில் போடாதீர்கள், நீங்கள் தனியாக. கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், அடுத்த கூட்டம் எப்போது என்றும் சொல்லாதீர்கள். நாலு மாதமாக உங்கள் குரல் கேட்கவில்லை, எனக்கு முன்பே கேட்கத் தோன்றவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தொடங்குங்கள். அவர்கள் போனை எடுக்காவிட்டால் நாளைக்கு மறுபடி போடுங்கள்.