ஓட்டு எங்கே விழுகிறது என்பதுதான் கணக்கு

வாசகர் கேள்வி – பதில்: பிரிட்டன் அரசியலில் சின்னக் கட்சிகள்

மேலூர் வாசகர்: 2024 பிரிட்டன் தேர்தலில் ரிஃபார்ம் யுகே கட்சிக்கு 14 சதவீத ஓட்டு, கிடைத்தது 5 எம்.பி. லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 12 சதவீதம்தான், ஆனால் 72 எம்.பி. இது எப்படி?

அங்கேயும் நம் முறைதான். மொத்தம் 650 தொகுதி, ஒவ்வொன்றிலும் அதிக ஓட்டு வாங்கியவர் எம்.பி. மற்றவர்களின் ஓட்டு கணக்கில் வராது. தூறல் ஊரெல்லாம் பெய்தாலும் கண்மாய் நிறையாது என்பதுதான் ரிஃபார்மின் கதை. அதற்கு விழுந்த சுமார் 41 லட்சம் ஓட்டும் நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. 98 தொகுதிகளில் இரண்டாமிடம் வந்தும் பயனில்லை. ஒரு எம்.பி.க்கு எட்டு லட்சம் ஓட்டுக்கு மேல் ஆனது. லிபரல் டெமாக்ரட்டுக்கு ஐம்பதாயிரத்துக்குள், ஆட்சிக்கு வந்த லேபருக்கு இருபத்துநாலாயிரத்துக்குள்.

இதைவிடக் கொடுமை 1983-ல் நடந்தது. எஸ்.டி.பி (சமூக ஜனநாயகக் கட்சி) – லிபரல் அணி வாங்கியது 25.4 சதவீதம், லேபர் வாங்கியது 27.6 சதவீதம். இடங்களோ 23-க்கு 209. லேபருக்குச் சுரங்கப் பகுதிகளும் தொழில் நகரங்களும் கோட்டையாக இருந்தன. அணிக்குக் கோட்டை என்று ஒன்று அமையவில்லை.

அந்தப் பாடத்தை லிபரல் டெமாக்ரட் நன்றாகவே படித்துக்கொண்டது. ஜெயிக்க வாய்ப்புள்ள தொகுதிகளைப் பொறுக்கி எடுத்து, ஆளையும் பணத்தையும் அங்கே மட்டும் இறக்குகிறது. அவர்களின் துண்டறிக்கையில் ஒரு பட்டை வரைபடம் தவறாமல் இருக்கும்: உயரமாக இரண்டு பட்டை, தரையோடு ஒட்டி மூன்றாவதாக லேபரின் பட்டை, கீழே 'இங்கே லேபர் ஜெயிக்க முடியாது'. லேபர் ஆதரவாளரைத் தங்கள் பக்கம் திருப்பும் வேலை அது. ஓட்டுப்பதிவு நாளில் கட்சித் தொண்டர் ரோசெட் (கட்சி நிற ரிப்பன் பூ) குத்திக்கொண்டு பூத் வாசலில் நிற்பார். ஓட்டுப் போட வருபவரிடம் வாக்காளர் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தப் பட்டியல் பக்கத்துத் தெருவில் அதே கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போகும். சாயங்காலம், ஆதரவு தருவதாகச் சொல்லிவிட்டு இன்னும் வராதவர்களின் வீட்டுக் கதவு தட்டப்படும். நம் பூத் கமிட்டி செய்வதும் இதுதான். ஆளில்லாத கட்சிக்கு இது முடியாது. டி.வி.யில் தலைவர் எவ்வளவு பேசினாலும் இந்த இடத்தை நிரப்ப முடியாது.

திருமங்கலம் வாசகி: நம் ஊர் போலக் கூட்டணி வைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

நம் அனுபவம் அப்படித்தான் சொல்கிறது. மதுரையில் தொடங்கப்பட்ட தே.மு.தி.க. 2006-ல் தனியாக நின்று 8.4 சதவீத ஓட்டு வாங்கி ஒரே ஒரு இடம் பிடித்தது. 2011-ல் அ.தி.மு.க. கூட்டணியில் ஓட்டு 7.9 சதவீதமாகக் குறைந்தும் 29 இடம் கிடைத்தது. மதுரை மக்களவைத் தொகுதியை மார்க்சிஸ்ட் கட்சி 2019-லும் 2024-லும் வென்றதும் கூட்டணி பலத்தில்தான்.

பிரிட்டனில் இது எடுபடாததற்கு முக்கியக் காரணம், வேட்பாளர் தேர்வில் உள்ளூர்க் கிளைக்கு இருக்கும் பங்கு. 'இந்த இடம் அவர்களுக்கு' என்று தலைமை எழுதிக் கொடுத்தால் கிளை சண்டைக்கு வரும். 2019-ல் லிபரல் டெமாக்ரட், பசுமைக் கட்சி, வேல்ஸின் பிளைட் கம்ரி மூன்றும் 60 தொகுதிகளில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தன. பெரிய பலன் இல்லை. அதே தேர்தலில் பிரெக்ஸிட் கட்சி (இன்றைய ரிஃபார்ம்), கன்சர்வேடிவ் ஏற்கெனவே வென்றிருந்த 317 தொகுதிகளில் ஒருதலையாக ஒதுங்கியது. அதற்கு ஈடாக ஓர் இடமும் கிடைக்கவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. கோஆப்பரேட்டிவ் கட்சி 1927 முதல் லேபரோடு உடன்பாட்டில் இருக்கிறது. அதன் வேட்பாளர்கள் இரு கட்சிப் பெயரிலும் சேர்ந்தே நிற்பார்கள். 2024-ல் அப்படி 43 பேர் ஜெயித்தார்கள். சின்னக் கட்சிக்காரர் உதயசூரியனில் நிற்பதற்கு இது பக்கத்தில் வரும். இடம் கிடைக்கும், தனிக்குரல் மங்கும்.

உசிலம்பட்டி வாசகர்: அங்கே கட்சி தொடங்கவும் தேர்தலில் நிற்கவும் என்ன செய்ய வேண்டும்?

தேர்தல் ஆணையத்தில் பதிவுக்கு 150 பவுண்ட் கட்டணம். கட்சி விதிகள், பணத்தை நிர்வகிக்கும் திட்டம், தலைவர், பொருளாளர், வேட்பாளருக்கு அங்கீகாரம் தரும் அதிகாரி ஆகியவர்களின் பெயர்கள் வேண்டும். இருக்கும் கட்சியோடு குழம்பும் பெயரை ஆணையம் நிராகரிக்கும். அதற்குக் காரணம் உண்டு. 1994 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஒருவர் 'லிட்டரல் டெமாக்ரட்' என்ற பெயரில் நின்று பத்தாயிரம் ஓட்டுக்கு மேல் பிரித்தார். லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் சில நூறு ஓட்டில் தோற்றார். 1998-ல் கட்சிப் பதிவுச் சட்டம் வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். 2024-ல் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வத்துக்கு எதிராக அதே பெயரில் ஐந்து பேர் நின்றதைப் பார்த்த நமக்கு இந்த விவகாரம் புதிதில்லை.

நாடாளுமன்றத்துக்கு நிற்க அந்தத் தொகுதி வாக்காளர் பத்துப் பேர் கையெழுத்து வேண்டும். டெபாசிட் 500 பவுண்ட், நம் பணத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல். கட்சி அதிகாரியின் அங்கீகாரச் சான்றும் சின்னம் கோரும் விண்ணப்பமும் கடைசி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். புதுக் கட்சிகள் சறுக்குவது இங்கேதான். சின்னத்துக்கான விண்ணப்பம் போகாவிட்டால் ஓட்டுச் சீட்டில் சின்னம் இருக்காது. டெபாசிட் தப்ப 5 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கினால் போதும். நம் நாட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் தேவை.

கட்சிகள் காசு கொடுத்து டி.வி. விளம்பரம் செய்யத் தடை உண்டு. வேட்பாளருக்கு வாக்காளர்களுக்கான ஒரு தபால் இலவசம். சின்னக் கட்சிக்கு இவை இரண்டும் பெரிய துணை.

வாடிப்பட்டி வாசகர்: அப்படியானால் சின்னக் கட்சிகளுக்கு எதிர்காலம் உண்டா?

உண்டு என்றே நினைக்கிறேன். 1951-ல் லேபர், கன்சர்வேடிவ் என்ற இரு பெரிய கட்சிகளும் சேர்ந்து சுமார் 97 சதவீத ஓட்டு வாங்கின. 2024-ல் 57 சதவீதம். ஐந்து கட்சி மோதும்போது ஜெயிக்கத் தேவையான ஓட்டு குறைந்துவிடுகிறது. முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் தோற்ற தென்மேற்கு நார்ஃபக் தொகுதியில் லேபர் வேட்பாளர் 26.7 சதவீதத்தில் ஜெயித்தார். 2025 மே மாதம் ரன்கார்ன் – ஹெல்ஸ்பி இடைத்தேர்தலை ரிஃபார்ம் 6 ஓட்டில் வென்றது. நேற்றுவரை சின்னக் கட்சியைத் தடுத்த அதே முறை, ஓர் அளவைத் தாண்டியதும் அதைத் தூக்கிவிடவும் கூடும். லேபரே 33.7 சதவீத ஓட்டில் 411 இடம் பிடித்ததைப் பாருங்கள்.

இது நியாயமான முறை இல்லை. நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றவர் எம்.பி. ஆவதை மாற்ற 2011-ல் பொதுவாக்கெடுப்பில் ஒரு வாய்ப்பு வந்தது. விருப்ப வரிசைப்படி ஓட்டுப் போடும் முறையை 68 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். ஆனால் ஸ்காட்லாந்து சட்டமன்றத்தில் 129 இடங்களில் 56, கட்சிக்கு விழும் ஓட்டு விகிதத்தைப் பார்த்துத் தரப்படும் பட்டியல் இடங்கள். 2021-ல் அங்கே பசுமைக் கட்சியின் 8 பேரும் அதன் வழியாகத்தான் வந்தார்கள். வேல்ஸ் சட்டமன்றத்தில் 2026 முதல் 96 உறுப்பினர்கள், தொகுதிக்கு ஆறு பேர். தொகுதியில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு இருந்தால் ஒரு இடம் உறுதி.

ஆபத்து ஜெயித்த பிறகு தொடங்குகிறது. 2010-ல் கன்சர்வேடிவுடன் ஆட்சியில் சேர்ந்த லிபரல் டெமாக்ரட், கல்விக் கட்டண உயர்வை எதிர்ப்பதாகக் கொடுத்த வாக்கை மீறியது. கட்டண வரம்பு 9,000 பவுண்டானது. 57 இடம் 2015-ல் 8 ஆனது. வட அயர்லாந்தின் டி.யு.பி. (ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி) 2017-ல் மந்திரி பதவி கேட்கவில்லை. வெளியிலிருந்து ஆதரவு தந்து தன் பகுதிக்கு 100 கோடி பவுண்ட் கூடுதல் நிதி வாங்கியது. உள்ளாட்சி கவுன்சில் நிர்வாகத்தைப் பிடிக்கும் கட்சிக்கும் சிக்கல் உண்டு. முதியோர், குழந்தைகள் பராமரிப்பே பணத்தில் பெரும்பகுதியை விழுங்கும். பட்ஜெட்டில் துண்டு விழச் சட்டம் அனுமதிக்காது. இங்கிலாந்தில் இத்தகைய கவுன்சில் வரியைப் பொதுவாக 5 சதவீதமோ அதற்கு மேலோ உயர்த்த வேண்டுமானால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும்.

சோழவந்தான் வாசகி: மகன் மான்செஸ்டரில் மாணவர் விசாவில் படிக்கிறான். அவனுக்கு ஓட்டு உண்டா?

உண்டு. இந்தியா போன்ற காமன்வெல்த் நாட்டின் குடிமகன் முறையான விசாவில் அங்கே வசித்தால் நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். அரசு இணையதளத்தில் பதியச் சொல்லுங்கள். தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்னதாகவே பட்டியல் மூடிவிடும். பூத்துக்குப் போகும்போது இந்திய பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போகட்டும். கல்லூரி அடையாள அட்டை செல்லாது.